ஊருக்கும் குடியிருப்புக்கும் நடுவே நான்குவழிச் சாலை

விழுப்புரம் மாவட்டத்தை நீளவாக்கில் வெட்டிச் செல்கிறது சென்னை–திருச்சி நான்குவழிச் சாலை. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ஒரு தேசிய நெடுஞ்சாலை, மரக்காணம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலை, விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி, கடலூர் வழியாக நாகப்பட்டினத்துக்கு இன்னொன்று. இவற்றை ஒட்டிய கிராமங்கள் பலவற்றில் ஊர் ஒரு பக்கமும் ஆதிதிராவிடர் குடியிருப்பு மறுபக்கமும் இருக்கின்றன. பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பால் சொசைட்டி, ஊராட்சி அலுவலகம் எல்லாம் பெரும்பாலும் ஊர்ப் பக்கம். அப்படியானால் ஒரு நாளில் அந்தச் சாலையை யார் அதிகம் கடக்கிறார்கள்?

நாம்தான் கடக்கிறோம். விடியலில் களை எடுக்கப் போகும் பெண்கள், நூறுநாள் வேலைக்குப் போகும் முதியவர்கள், முதுகில் பையோடு சைக்கிள் மிதிக்கும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள், ரேஷன் மூட்டையோடு திரும்பும் பாட்டிகள். பல இடங்களில் சுடுகாடும் சாலைக்கு அப்பால் இருப்பதால் பாடை தூக்கியும் கடக்கிறோம். ஊரில் இருப்பவருக்கு நம் பக்கம் வர வேலை குறைவு. நமக்கோ அந்தப் பக்கம் போகாமல் ஒருநாளும் ஓடாது. சாலை எல்லோருக்கும் பொதுவானதுதான். அதைக் கடக்கும் ஆபத்து மட்டும் எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை.

சாலைப் பாதுகாப்பு என்றால் ஹெல்மெட், அபராதம், நகரத்துப் போக்குவரத்து நெரிசல் என்று பேசுவதே வழக்கம். தலித் பிரச்சினைகளைப் பேசும் இந்தப் பத்தியில் அதற்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். உண்மையில் இது நம்முடைய மிகப் பழைய பிரச்சினைகளில் ஒன்று.

வழி கேட்ட வரலாறு

பொதுச் சாலையில் நடக்கும் உரிமையை நம் முன்னோர் போராடித்தான் பெற்றார்கள். 1893-ல் திருவிதாங்கூரில் அய்யங்காளி வில்வண்டி ஏறிப் பொதுச்சாலையில் போனதே ஒரு போராட்டமாக இருந்தது. 1924-ல் தொடங்கிய வைக்கம் போராட்டம், கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காக நடந்தது. அதே 1924-ல்தான் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம் ஆகியவற்றை எவரும் பயன்படுத்தத் தடையில்லை என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அரசாணையும் வந்தது.

ஆணை வந்து நூறாண்டு கடந்துவிட்டது. ஆனாலும் ஊர்த்தெருவுக்குள் வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போ என்ற அதட்டலைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். அது பழங்கதையாகிவிட்டிருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் திருத்தம் தேவைப்பட்டிருக்காது. பொது இடத்தில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று அந்தத் திருத்தம் வெளிப்படையாகச் சொல்கிறது. 2016 ஜனவரி 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. சைக்கிள் என்ற சொல் ஒரு வன்கொடுமைச் சட்டத்தில் ஏன் இடம்பெற வேண்டியிருந்தது என்று மாணவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

சைக்கிள் நமக்கு வெறும் வண்டியாக இருந்ததில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. விவசாயக் கூலிகளும் கல்குவாரியில் வேலை செய்தவர்களும் ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். தண்ணீர்க் குடம், பிள்ளை, விளைபொருள் எல்லாவற்றையும் சைக்கிளில் ஏற்றினார்கள். பஸ்ஸுக்கும் கணவருக்கும் காத்திருக்க வேண்டிய கட்டாயம் குறைந்தது. 2001–02-ல் தமிழக அரசின் விலையில்லா சைக்கிள் திட்டம் தொடங்கியபோது அது முதலில் சென்றதும், பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பில் படித்த பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்குத்தான். பின்னர் எல்லா மாணவர்களுக்கும் விரிந்தது.

ஆக, அரசு நம் பிள்ளைகளுக்கு சைக்கிள் கொடுத்தது. அதை ஓட்டிச்செல்லப் பாதுகாப்பான பாதை கொடுத்ததா என்பதுதான் இன்றைய கேள்வி. அன்று சாதி நம்மைச் சாலைக்கு வராதே என்றது. இன்று வேகம் அதையே செய்கிறது. தொலைவுக்கும் சாலைக்கும் பயந்து பத்தாம் வகுப்போடு பெண்ணின் படிப்பை நிறுத்தும் வீட்டில், இரண்டுக்கும் விளைவு ஒன்றாகவே முடிகிறது.

கணக்கு என்ன சொல்கிறது?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ல் நாடு முழுவதும் 1,68,491 பேர் சாலை விபத்துகளில் இறந்தார்கள். அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். சைக்கிளில் சென்ற 4,000-க்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் நாட்டிலேயே முதலிடம்: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகள் 2 சதவீதம் அளவுக்குத்தான் வரும். மரணங்களிலோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கேதான் நடக்கிறது. இறந்தவர்களில் ஏறத்தாழ 68 சதவீதத்தினர் கிராமப்புறங்களில் இறந்தார்கள். சாலைப் பாதுகாப்பு நகரத்துப் பிரச்சினை என்ற எண்ணத்தை இந்த ஒரு எண்ணே தகர்த்துவிடும்.

இறந்தவரின் வயது, பாலினம், வாகனம், நேரம், வானிலை வரை அறிக்கையில் பதிவாகிறது. அவர் எந்தப் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து, எதற்காகச் சாலையைக் கடந்தார் என்பதற்கு அதில் இடமில்லை. பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தில், 2011 கணக்கெடுப்பின்படி, பத்துப் பேரில் ஏறத்தாழ மூவர் பட்டியல் சாதியினர். சாலையோரத்தில் நடப்பவர்களில் அந்தப் பங்கு எவ்வளவு என்று எவரும் எண்ணவில்லை. எண்ணாத வரை திட்டத்திலும் அது வராது.

இறப்பு நேர்ந்ததும் வழக்கமாகச் சொல்லப்படும் பதில், “பார்த்துக் கடந்திருக்க வேண்டும்” என்பது. அந்தப் பதிலைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்குவழிச் சாலையில் ஒரு பக்கத்து இருவழி மட்டுமே 7 மீட்டர் அகலம். தலையில் சுமையோடு நொடிக்கு ஒரு மீட்டர் நடக்கும் பெண்ணுக்கு அதைக் கடக்க 7 நொடி ஆகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அந்த 7 நொடியில் 155 மீட்டர் வந்துவிடும். அவர் காலெடுத்து வைக்கும்போது வண்டி கண்ணுக்கே சரியாகப் பட்டிருக்காது. அவரைப் பார்த்து ஓட்டுநர் ஒரு நொடியில் பிரேக்கை மிதித்தாலும், உலர்ந்த சாலையில்கூட நிற்க 55 மீட்டருக்கு மேல் தேவை. அதுவே 30 கிலோமீட்டர் வேகம் என்றால் 13, 14 மீட்டரில் நின்றுவிடும். மோதினாலும் பெரும்பாலானோர் பிழைத்துக்கொள்வார்கள். உயிர் பிழைப்பது அந்தப் பெண்ணின் கவனத்தைக் காட்டிலும் அந்த இடத்தில் அனுமதிக்கப்பட்ட வேகத்தைப் பொறுத்தே இருக்கிறது.

இதோடு நம் மாவட்டத்துக்கே உரிய ஆபத்துகளும் உண்டு. கரும்பு அரவைக் காலத்தில் பின்விளக்கு இல்லாமல் சாலையோரம் நிற்கும் டிராக்டர் டிப்பர்களைச் சுற்றிக்கொண்டு போக சைக்கிள்காரர் நடுச்சாலைக்கு வர வேண்டியிருக்கிறது. அறுவடைக் காலத்தில் நெல்லும் உளுந்தும் சாலையோரத்தில் காய்கின்றன. நடப்பவருக்கு ஓரம் இல்லாமல் போகிறது. மீடியனில் இடைவெளி வெகுதூரத்தில் இருப்பதால் எதிர்த்திசையில் சைக்கிள் மிதிப்பவர்களைப் பார்க்கிறோம். சட்டப்படி தவறு. ஆனால், கூலி வேலை முடித்து வருபவரை இரண்டு கிலோமீட்டர் சுற்றிவரச் சொல்லும் வடிவமைப்பையும் நாம் கேள்வி கேட்க வேண்டும்.

வரைபடத்தில் நம் வீடு எங்கே?

ஒரு சாலை அகலப்படுத்தப்படும்போது சுரங்கப்பாதை எங்கே, சர்வீஸ் சாலை எதுவரை, மீடியன் இடைவெளி எங்கே, பஸ் நிறுத்தம் எந்த இடத்தில் என்பதெல்லாம் காகிதத்தில் முன்பே முடிவாகிவிடுகிறது. அந்த நேரத்தில் நிலம் உள்ளவர்களுக்கு அதிகாரிகள் அறிவிப்பு அனுப்புவார்கள், பேசுவார்கள், இழப்பீடு தருவார்கள். நிலமில்லாத நமக்கு அறிவிப்பு வர வேண்டிய தேவையே எழுவதில்லை. பெட்ரோல் பங்க்கும் கல்யாண மண்டபமும் வைத்திருப்பவர்கள் தங்களுக்குத் திறப்பு கேட்டு வாங்கத் தெரிந்தவர்கள். குடியிருப்புக்கு எதிரே ஒரு கடவை வேண்டும் என்று கேட்கும் குரல், ஒரு பிணம் விழுந்து சாலை மறியல் நடந்த பிறகே கேட்கிறது. அப்போதும் கிடைப்பது இரண்டு இரும்புத் தடுப்புகளும் ஒரு சமாதானப் பேச்சும், மறியல் செய்தவர்கள்மீது ஒரு வழக்கும்தான்.

‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கத்தக்கது. பெயர்ப்பலகை மாறும்போது, அந்தப் பலகை நிற்கும் இடத்திலிருந்து பள்ளிக்கூடம்வரை பிள்ளைகள் எப்படிப் போகிறார்கள் என்பதும் மாற வேண்டும்.

நெதர்லாந்து என்றதும் சைக்கிள் நினைவுக்கு வரும். அந்த நாடும் பிறவியிலேயே அப்படி இருந்ததில்லை. 1971-ல் அந்தச் சின்ன நாட்டில் சுமார் 3,300 பேர் சாலையில் இறந்தார்கள். அவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்ற முழக்கத்தோடு பெற்றோர்கள் திரண்டார்கள். சைக்கிள் ஊர்வலம் நடத்தினார்கள். தங்கள் தெருக்கள் எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தாங்களே சொன்னார்கள். அரசு பணிந்தது, சாலைகள் மாறின. விபத்து என்ற சொல்லைக் கொலை என்று அவர்கள் மாற்றிச் சொன்னதிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு.

கிராமசபையில் கேட்போம்

அரசமைப்பின் 73-வது திருத்தம் ஊராட்சிகளுக்கு உரிய பொருள்களாக வரிசைப்படுத்திய 29-ல் சாலைகளும் சிறுபாலங்களும் உண்டு. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராமசபைகள் நடக்க வேண்டும். அடுத்த ஆண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் வேலை அக்டோபர் 2-ஐ ஒட்டித் தொடங்குகிறது. இந்தச் சபைக்குச் சும்மா போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதால் பயனில்லை. நாம் தயாராகப் போக வேண்டும்.

அதற்கு முதல் வேலையை மாணவர்கள் செய்யலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலைந்து பேர் சேர்ந்து, ஒரு பெரிய தாளில் நம் குடியிருப்பு, பள்ளி, ரேஷன் கடை, பஸ் நிறுத்தம், சுடுகாடு, சாலை ஆகியவற்றை வரையுங்கள். பிள்ளைகள் எந்த இடத்தில் கடக்கிறார்கள், எங்கே விளக்கில்லை, எங்கே வளைவு மறைக்கிறது, முன்பு எங்கே யார் அடிபட்டார் என்று பெரியவர்களைக் கேட்டுக் குறியுங்கள். பிறகு ஒரு வேலைநாளில் காலை 7 முதல் 9 வரையும், மாலை 4 முதல் 6 வரையும் கடப்பவர்களை எண்ணுங்கள்: நடப்பவர், சைக்கிள், பெண்கள், பிள்ளைகள், முதியவர்கள். பொறியாளர் படிப்பு இதற்குத் தேவையில்லை. “ரொம்பப் பேர் கடக்கிறோம் சார்” என்று சொல்வதற்கும் “இந்த இடத்தில் இரண்டு மணி நேரத்தில் இத்தனை பேர் கடக்கிறோம்” என்று எழுதிக் கொடுப்பதற்கும் அலுவலகத்தில் வித்தியாசம் உண்டு.

அடுத்து, சாலை யாருடையது என்று தெரிய வேண்டும். கிலோமீட்டர் கல்லின் தலையில் மஞ்சள் இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை இருந்தால் மாநில நெடுஞ்சாலை. ஊருக்குள் இருப்பவை ஊராட்சியுடையவையாகவோ ஒன்றியத்துடையவையாகவோ இருக்கும். இது தெரியாமல் கொடுக்கும் மனு, ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

கேட்பதும் இடத்துக்குத் தக்கபடி இருக்க வேண்டும். ஊராட்சிச் சாலையில் தெருவிளக்கு, முள் வெட்டிச் சமன்செய்த ஓரம், பள்ளி அருகே முறையான வேகத்தடை ஆகியவற்றைக் கேட்கலாம். முறையான வேகத்தடை என்பது 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் உள்ள சரிவு என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் வழிகாட்டுகிறது. வண்ணமும் எச்சரிக்கைப் பலகையும் இல்லாமல் ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டப்படும் தார்மேடு, சைக்கிள்காரரையே கவிழ்த்துவிடும். தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடைக்கு அனுமதியில்லை. அங்கே சுரங்கப்பாதை, சர்வீஸ் சாலை, சிக்னல், உயர்கம்ப விளக்கு ஆகியவற்றைக் கேட்க வேண்டும். படிக்கட்டு வைத்த நடைமேம்பாலத்தைக் கொடுத்துச் சமாதானம் செய்தால் ஏற்கக் கூடாது. அதில் சைக்கிள் ஏறாது, மூட்டு வலிக்காரப் பாட்டியும் ஏற மாட்டார். சுரங்கப்பாதை என்றால் மழைநீர் வடியவும் விளக்கு எரியவும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள். இடுப்பளவு தண்ணீர் நிற்கும், இருட்டில் குடிகாரர்கள் உட்காரும் சுரங்கத்துக்குள் நம் பெண்கள் போக மாட்டார்கள்.

பணம் இல்லை என்பார்கள். ஆதிதிராவிடர் குடியிருப்புகளின் அடிப்படை வசதிகளுக்காக ஐந்தாண்டுகளில் 1,000 கோடி ரூபாய் என்று 2023–24 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட அயோத்திதாசப் பண்டிதர் குடியிருப்புகள் மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான நிதியை அவர்களுக்கே செலவிட வேண்டும் என்பதற்காக 2024-ல் இயற்றப்பட்ட மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் இருக்கிறது. பாதையும் விளக்கும் அடிப்படை வசதி இல்லையென்றால் வேறு எது?

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. கோவை மருத்துவர் எஸ்.ராஜசேகரன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017-ல் மாவட்டந்தோறும் சாலைப் பாதுகாப்புக் குழு வேண்டும் என்றது. அதே வழக்கில் 2025 மே மாதம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசமைப்பின் 21-வது கூறு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. அக்டோபரில், நடப்பவர்கள் மற்றும் மோட்டார் இல்லாத வண்டிகளின் பாதுகாப்புக்கு ஆறு மாதத்தில் விதிகள் வகுக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. இந்த உத்தரவுகள் நகரங்களை மனத்தில் வைத்துப் பேசப்படுகின்றன. வாழ்வுரிமை ஊராட்சி எல்லையில் முடிந்துவிடுவதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம், வடிவமைப்புத் தரத்தைப் பின்பற்றாததால் மரணம் நேர்ந்தால் ஒப்பந்ததாரருக்கும் அதிகார அமைப்புக்கும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்க வழிசெய்கிறது. தவறு எப்போதும் கடந்தவர்மீதுதான் என்ற பேச்சுக்குச் சட்டமே சொல்லும் மறுப்பு இது.

அடிபட்ட பிறகு செய்ய வேண்டியதையும் ஒவ்வொரு குடியிருப்பிலும் நாலு பேராவது தெரிந்திருக்க வேண்டும். 108-ஐ அழைக்க வேண்டும்; தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-ம் உண்டு. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்கக் கூடாது. மோதிய வண்டி எதுவென்றே தெரியாமல் போனாலும், 2022 ஏப்ரல் முதல் உள்ள திட்டப்படி மரணத்துக்கு 2 லட்சமும் படுகாயத்துக்கு 50,000 ரூபாயும் இழப்பீடு உண்டு. விபத்து நடந்த வட்டத்திலேயே விண்ணப்பிக்கலாம். இந்தத் தகவலைப் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குக் காவல் துறை சொல்ல வேண்டும் என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சொல்லவில்லை என்றால் நாம் கேட்போம்.

கிராமசபையில் நம் குரல் எளிதில் எடுபடாது என்பது தெரிந்ததுதான். தலித் தலைவர் நாற்காலியில் உட்காருவதே சில ஊர்களில் இன்னும் தகராறாக இருக்கிறது. ஆனால், இந்தக் கோரிக்கைக்கு ஒரு பலம் உண்டு. ஊர்ப் பிள்ளைகளும் அதே அரசுப் பள்ளிக்கு அதே விலையில்லா சைக்கிளில்தான் போகிறார்கள். பால் ஊற்றப் போகும் ஊர்க்காரரும் அதே இருட்டில்தான் சாலையைக் கடக்கிறார். அவர்களையும் வரைபடத்தில் சேருங்கள், எண்ணிக்கையில் சேருங்கள், கையெழுத்துக்குக் கூப்பிடுங்கள். வந்தால் நல்லது. வராவிட்டால் நாமே கேட்போம்; கிடைக்கும் விளக்கு இருவருக்கும் சேர்த்தே எரியும்.

தீர்மானம் வாய்ச்சொல்லாக முடிந்துவிடக் கூடாது. தீர்மானப் புத்தகத்தில் எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எண் போட்ட நகலை வாங்குங்கள். அதோடு வரைபடத்தையும் எண்ணிக்கையையும் இணைத்துத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுங்கள். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் பார்வைக்கு வைக்கும்படி எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அவர்கள் 30 நாளில் பதில் தர வேண்டும். அதற்குள் அடுத்த கிராமசபை வந்துவிடும். அங்கே அதே தாளை மறுபடியும் விரித்து வைப்போம்.